இன்னும் ஒரே ஒரு சீசன் ஆட கோர்ட்டுக்குப் போன மாணவர்! அமெரிக்க கல்லூரி விளையாட்டையே கலக்கிய டியாகோ பவியா வழக்கு... என்ன நடந்தது?

கல்லூரி அணியில் இன்னும் ஒரு வருஷம் விளையாட விட வேண்டும் என்று கேட்டு, அமெரிக்காவில் ஒரு மாணவர் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டும் அனுமதித்தது. அந்த ஒரு வருஷத்தில் அவருடைய பல்கலைக்கழகம் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது.

அவர் பெயர் டியாகோ பவியா. வெறும் வெற்றிக் கதைன்னா இத்தோடு முடிச்சிடலாம். ஆனால், கல்லூரி வீரர் என்றால் யார், அவர் எத்தனை வருஷம் ஆடலாம் என்ற கேள்வியை இந்த வழக்கு கிளப்பிவிட்டது. அதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை.

யார் இந்த பவியா?

நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்கி நகரைச் சேர்ந்தவர். அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக். அதாவது, அணி தாக்கி ஆடும்போது பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, எப்போது தானே ஓடுவது என்று நொடியில் முடிவெடுப்பவர். அணியின் மூளைன்னே சொல்லலாம்.

பள்ளி முடித்தபோது முதல் நிலையில் ஆடும் எந்தப் பல்கலைக்கழகமும் அவரை அழைக்கவில்லை. எனவே, நியூ மெக்சிகோ ராணுவப் பயிற்சி நிறுவனம் என்ற ஜூனியர் காலேஜில் சேர்ந்தார். 2021-ல் அந்த அணி, ஜூனியர் காலேஜ்களுக்கான தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றது.

அடுத்து நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2 சீசன். 2023 நவம்பரில் வலுவான ஆபர்ன் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 31-10 என்று வீழ்த்தியபோது பலரும் திரும்பிப் பார்த்தார்கள். 2024-ல் நாஷ்வில் நகரின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

ஆற்றில் மிதந்த கோல் போஸ்ட்

படிப்பில் பெயர் பெற்ற வேண்டர்பில்ட், ஃபுட்பாலில் அடிவாங்கியே பழகிய அணி. 2023-ல் 12 போட்டிகளில் ஜெயித்தது இரண்டுதான். பவியா வந்த பிறகு, 2024 அக்டோபர் 5 அன்று, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று சாய்த்தது. அலபாமாவை அது கடைசியாக வென்றது 1984-ல்! ரசிகர்கள் கோல் போஸ்ட்டைப் பிடுங்கி, வீதி வீதியாகச் சுமந்து போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள்.

சிக்கல் எங்கே வந்தது?

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இதுதான்: ஒரு மாணவர் 5 ஆண்டுகளுக்குள் 4 சீசன் ஆடலாம். கொரோனா காலமான 2020 கணக்கில் வராது. ஆனால் ஜூனியர் காலேஜில் ஆடிய 2021 கணக்கில் வரும். அப்படிப் பார்த்தால் 2024-உடன் பவியாவின் ஆட்டம் முடிந்தது.

ஜூனியர் காலேஜ் என்.சி.ஏ.ஏ.வில் உறுப்பினரே இல்லையே, அங்கே ஆடியதை எப்படி இங்கே கழிக்கலாம் என்று 2024 நவம்பரில் வழக்குப் போட்டார் பவியா.

ஒரு வருஷத்துக்கு ஏன் இவ்வளவு போராட்டம்?

காரணம் பணம். 2021 ஜூலை வரை, கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க என்.சி.ஏ.ஏ. அனுமதித்ததில்லை. அந்தத் தடை நீங்கியதும் நிலைமை தலைகீழானது. 2025-ல் ஆடாவிட்டால் தனக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் இழப்பு என்று பவியா தரப்பு கோர்ட்டில் சொன்னது.

ஜூனியர் காலேஜில் அந்த அளவுக்கு டிவி வெளிச்சமோ விளம்பர வாய்ப்போ கிடையாது. அங்கே கழிந்த வருஷத்தையும் இங்கே ஆடும் வருஷத்தையும் ஒரே தராசில் வைப்பது, வருமானப் போட்டியைத் தடுப்பதாகாதா? வழக்கின் அடிப்படையே இதுதான்.

2024 டிசம்பர் 18 அன்று, ஃபெடரல் நீதிபதி வில்லியம் கேம்ப்பெல் பவியாவுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டார். சில நாட்களிலேயே, அதே நிலையில் இருந்த மற்ற ஜூனியர் காலேஜ் வீரர்களுக்கும் ஒரு வருஷம் விலக்கு கொடுத்தது என்.சி.ஏ.ஏ.

கிடைத்த வருஷத்தில் என்ன செய்தார்?

2025-ல் லீக் சுற்றின் 12 போட்டிகளில் 10 வெற்றி. வேண்டர்பில்ட் வரலாற்றில் ஒரே சீசனில் 10 வெற்றி என்பது அதுவே முதல் முறை. கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மேனுக்கான தேர்தலில், இண்டியானாவின் ஃபெர்னாண்டோ மெண்டோசாவுக்கு அடுத்து இரண்டாம் இடம். அந்த ஏமாற்றத்தில், ஓட்டுப் போட்டவர்களைத் திட்டி சமூக வலைதளத்தில் பதிவிட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டார்.

அப்போ பாதிப்பு யாருக்கு?

2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஒரு வழக்குச் சமரசத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு கல்லூரி, முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். அதே சமரசம், ஃபுட்பால் அணியில் 105 இடம்தான் என்றும் வரம்பு வைத்தது.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. அனுபவமுள்ள 23 வயது வீரர் இன்னொரு வருஷம் தங்கினால், ஒரு 18 வயது பையனுக்கு வர வேண்டிய இடம் போகும். என்.சி.ஏ.ஏ. சொல்வதும் இதைத்தான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோர்ட்டுகளும் ஒரே குரலில் பேசவில்லை. கூடுதல் சீசன் கேட்ட விஸ்கான்சின் வீரர் ஒருவருக்குக் கீழ் கோர்ட் தந்த அனுமதியை, 2025 ஜூலையில் மேல்முறையீட்டு கோர்ட் ரத்து செய்துவிட்டது.

பவியா கேட்டது நியாயமா என்றால், நியாயம்தான். யாரும் கூப்பிடாததால் சின்னக் கல்லூரிக்குப் போனவரிடம், அங்கே போனதற்கே ஒரு வருஷத்தைப் பிடுங்குவது சரியல்ல. ஆனால், வயது கூடிய வீரர்கள் அணியில் நீடிக்க நீடிக்க, முதலில் வெளியே நிற்கப்போவது யார்? பள்ளி முடித்து, ஒரு அழைப்புக்காகக் காத்திருக்கும் பையன்தான். சில வருஷங்களுக்கு முன்பு, அல்புகர்கியில் பவியாவும் அப்படித்தான் காத்திருந்தார்.