கிராபிக்ஸ் கார்டுக்காக டெபாசிட்டை உடைக்காதீர்கள்

நம் ஊரில் பேரனோ பேத்தியோ டிசைன் படிக்கச் சேர்ந்தால் அடுத்த மாதமே வீட்டில் ஒரு கோரிக்கை எழுகிறது. "தாத்தா, கிராபிக்ஸ் வேலைக்கு கிராபிக்ஸ் கார்டு வெச்ச கேமிங் லேப்டாப்தான் வேணும்." விலை லட்சத்தைத் தொடும். கடைக்காரரும் ஆமாம் போடுகிறார். பென்ஷன்காரர் டெபாசிட்டை உடைக்கிறார், அல்லது பாட்டியின் வளையல் அடகுக்குப் போகிறது. இது வீண் செலவு என்பது என் கட்சி.

பெயர்ப் பொருத்தம்தான் ஏமாற்றுகிறது. தனியாக வைக்கும் கிராபிக்ஸ் கார்டு விளையாட்டுக்கும், முப்பரிமாணப் படத்துக்கும், வீடியோ வேலைக்கும் பெரிதும் உதவும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கும் வேலை என்ன? கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பிளக்ஸ், கம்பெனிகளுக்கு லேபிள். கோரல்டிராவும் போட்டோஷாப்பும் இவற்றைச் செய்ய, பிராசசரோடு சேர்ந்தே வருகிற கிராபிக்ஸ் போதும். போதாமல் போவது மெமரி.

அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பழகியவன், இங்கேயும் ஒரு கணக்குப் போடுகிறேன். 10 அடிக்கு 20 அடி பிளக்ஸ். அங்குலத்துக்கு 72 புள்ளி வீதம் 8,640 பெருக்கல் 17,280, ஏறத்தாழ 15 கோடிப் புள்ளிகள். அச்சுக்கு நான்கு நிறம், புள்ளிக்கு 4 பைட். ஆக ஒரு முழு லேயருக்கே சுமார் 600 எம்.பி. பத்து லேயர் என்றால் 6 ஜி.பி. இதில் 8 ஜி.பி. மெமரி திணறும், 16 ஜி.பி. தாங்கும். அதே பிளக்ஸை 300 புள்ளியில் ஆரம்பித்தால் ஒரு லேயரே 10 ஜி.பி.யைத் தாண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் பிளக்ஸுக்கு 72 போதும் என்கிற அறிவை எந்தக் கார்டும் தராது.

அடுத்தது திரை. குறைந்த விலை கேமிங் லேப்டாப்பின் விவரத்தாளைப் படித்துப் பாருங்கள். "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்று இருந்தால், சாதாரண எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அந்தத் திரை காட்டாது. விளையாட அது போதும். நிறம் பார்த்துக் கொடுக்க வேண்டிய தொழிலுக்கு அது அரைக்கண். முழு எஸ்.ஆர்.ஜி.பி. காட்டும் ஐ.பி.எஸ். மானிட்டரும் 16 ஜி.பி. டெஸ்க்டாப்பும் வாங்குங்கள். "நாளைக்கு வீடியோ பண்ணுவானே" என்பார்கள். பண்ணட்டும். பெரிய கேபினட்டும் தகுந்த பவர் சப்ளையும் இருந்தால், கார்டை அன்றைக்கு அவன் சம்பாத்தியத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.

பெயர் மோகம் இன்னொரு வியாதி. 2006-ல் நோக்கியா வந்தபோது இந்த ஊரே அந்தப் பெயரில் மயங்கிக் கிடந்தது. 2014 நவம்பரில் ஆலை மூடியது. இன்று ஃபாக்ஸ்கானில் ஐபோன் தயாராவதால், "வாங்கினால் ஆப்பிள்" என்கிறார்கள். மேக் நல்ல இயந்திரம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது வரும் மேக்புக்கில் மெமரியைப் பிறகு கூட்ட முடியாது. பையன் வேலைக்குப் போகிற பிளக்ஸ் கடையில் இருப்பது விண்டோஸும் கோரல்டிராவும். பல வருஷம் மேக்கை விட்டு விலகியிருந்த கோரல்டிரா 2019-ல்தான் அதற்குத் திரும்பியது.

எல்லாவற்றுக்கும் மேல் தமிழ். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்னும் பழைய எழுத்துருவில் அடித்து, வேறு இடத்தில் திறந்தால் குப்பையாகத் தெரியும் பத்திரிகைகள் ஓயவில்லை. காசு கொடுக்குமுன் பேரனை அவன் பயன்படுத்தப்போகும் மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவில் "ஸ்ரீபெரும்புதூர்" என்று அடிக்கச் சொல்லுங்கள். ஸ்ரீ உடைந்தாலோ, 'பெ'வின் கொம்பு இடம் மாறினாலோ அந்த மென்பொருள் வேண்டாம். நம் ஊர்ப் பெயரைவிட நல்ல பரீட்சை கிடையாது.

நான் படித்த பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஒர்தினாத்தர்' என்று பெயர். 1955-ல் ஐ.பி.எம். கேட்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் யோசனை சொன்ன சொல். ஒழுங்குபடுத்துவது என்று அர்த்தம். வாங்குகிறவரும் ஓர் ஒழுங்கில் வாங்க வேண்டாமா? முதலில் என்ன வேலை, பிறகு எந்த மென்பொருள், பிறகு மெமரி, திரை. பிராண்டு கடைசி. பேரன் பணம் கேட்கும்போது, "கண்ணு, முதல் மாசம் யாருக்கு என்ன டிசைன் பண்ணப் போறே?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கடைக்குப் போகலாம். வளையல் பாட்டி கையிலேயே இருக்கட்டும்.