குறுமை மட்டும் போதுமா?

கணினித் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பல இணைய முகவரிகளின் இறுதியில் வருவது அதுவே. யூ.யூ.ஐ.டி. என்னும் அடையாளமோ இடைக்கோடுகளோடு 36 குறிகள் நீளம்! அதைப் பிழையின்றிப் பார்த்தெழுத யாரால் இயலும்? ஏழே சீரில் அறம் கூறும் குறளைப் படிக்கும் நமக்குச் சுருக்கத்தின் அருமை தெரியும். ஆனால் எப்படிச் சுருக்குவது?

1, 2, 3 என வரிசையாக எண்ணிடுவது எளிது, ஆனால் ஆபத்தானது. ஒரு தேர்வு முடிவுப் பக்கத்தில், முகவரியின் கடைசி எண்ணை விளையாட்டாக மாற்றினேன். அடுத்த எண்ணுக்குரிய தோழியின் மதிப்பெண்கள் கண்முன் வந்தன! அவள் யாரிடமும் சொல்லாத தோல்வியை நான் அறிந்துகொண்டேன். இன்றும் அவள் முகம் பார்க்க நாணுகிறேன்.

ஆறு இடங்களில் இலக்கங்களை மட்டும் இட்டால் 10 லட்சம் அடையாளங்களே கிடைக்கும். ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளையும் சேர்த்து 62 குறிகளைக் கொண்டால், அதே ஆறு இடங்களில் 5,680 கோடிக்கு மேல் கிடைக்கும். அவற்றுள் வரிசையின்றி ஒன்றைப் பொறுக்கினால் குறுமையும் உண்டு. அடுத்ததை ஊகிப்பதும் அரிது.

எனினும் ஊகிக்க அரிய முகவரி பூட்டாகிவிடாது. பிறர் இரகசியம் உள்ள பக்கம், கேட்பவர் யாரென்று உறுதி செய்த பின்னரே திறக்க வேண்டும். வீட்டு எண் சிறியதாகவே இருக்கட்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாமா, தோழியரே?