சோதனை ஓட்டுநரின் தொண்டு

மோட்டார்ப் பந்தயத்தில் வெற்றிக் கிண்ணம் ஏந்துவோன் ஒருவனே. ஆயின், அவ்வண்டியை முன்னரே பன்முறை ஓட்டிப் பார்த்துக் களத்துக்குத் தகுதியாக்குவோன் வேறொருவன். அவனை உலகம் அறிவதில்லை. அறிந்தவிடத்தும் அவன் அருமையை உணர்வதில்லை என்பது எம் கருத்து.

இத்தாலியரான லூக்கா படோயர் 1998 முதல் 2010 வரை பெராரி நிறுவனத்தின் பார்முலா ஒன்று வண்டிகளுக்குச் சோதனை ஓட்டுநராய் விளங்கினார். பியோரானோ முதலிய தடங்களில் சுற்றிச் சுற்றி ஓட்டி, டயர், பிரேக், கியர் ஆகியவற்றின் குறைநிறைகளைப் பொறியாளர்க்கு உரைப்பதே அவர் பணி. 2000 முதல் 2004 வரை ஐந்தாண்டும் ஷூமாக்கர் முடிசூடியதில் அவ்வுழைப்புக்கும் பங்குண்டு.

2009-இல் மாசா என்னும் வீரர் ஹங்கேரியில் தலையில் காயமுறவே, அவரிடத்தில் படோயர் களமிறக்கப் பெற்றார். அவர் பந்தயம் ஓட்டி ஏறக்குறையப் பத்தாண்டு ஆகியிருந்தது. பந்தயப் பருவத்தினிடையே சோதனை ஓட்டம் அவ்வாண்டு விலக்கப்பட்டிருந்தமையால், புது வண்டியிற் போதிய பழக்கம் பெறவும் வழியில்லை. வலென்சியாவில் 17-ஆம் இடமும் ஸ்பாவில் 14-ஆம் இடமுமே எய்தினார். ஏளனம் எழுந்தது, வேறொருவர் அமர்த்தப் பெற்றார்.

இஃது அறமாமோ? போட்டியிடும் திறன் வேறு. ஆய்ந்துரைக்கும் திறன் வேறு. பல்லாண்டு உழைப்பை இரு பந்தயங்களால் மதித்தல், மரக்கால் கொண்டு நிலத்தை அளப்பதனை ஒக்கும். நண்பர்காள்! வென்றாரைப் புகழுங்கால், அவ்வெற்றியைச் சமைத்தார் யாவர் என்றும் வினவுவோமாக.