கல்லறைப் பூ தரும் மருந்து

திண்டுக்கல் நகரத்துக் கல்லறைத் தோட்டங்களிலும், சுற்றுப்புறத் தரிசு நிலங்களிலும் நீர் வார்ப்பார் இன்றியே பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை நாம் நன்கு அறிவோம். சுடுகாட்டு மல்லி என்று சொல்லி, அதனை வீட்டில் வளர்க்கத் தயங்குவோரும் உண்டு. அச்செடியினின்றே வின்கிரிஸ்டின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதலில் தரப்படும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனை கையாண்ட, 1984-இல் வகுக்கப்பட்ட எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையிலும் அது இடம்பெற்றது.

இம்மருந்து செய்வதென்ன? நம் உடலின் உயிரணுக்களுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. அணுவுக்கு வேண்டிய ஆற்றலை ஆக்கித் தருவன அவையே. பழுதுற்ற அணுவை முடிவுக்குக் கொண்டுவரும் பொறுப்பும் அவற்றுக்கு உண்டு. வின்கிரிஸ்டின், நோயணு இரண்டாகப் பிரிவதைத் தடுக்கிறது. பிரிய இயலாது நிற்கும் அணுவில் மைட்டோகாண்ட்ரியாவின் புறச்சவ்வு துளைபடுகிறது. உள்ளிருந்த சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளிப்பட்டு, அணுவைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. இவ்வாறு நோயணு தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது.

ஆயினும் எல்லா நோயணுக்களும் எளிதில் பணிவதில்லை. சில அணுக்கள் பி.சி.எல்-2 என்னும் காவற்புரதத்தை மிகுதியாகக் கொண்டு, அத்துளை விழாதபடி தம்மைக் காத்துக்கொள்கின்றன. அக்காவலை முறிக்கும் வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரியவர்களுக்கு வரும் சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கு இன்று அது தரப்படுகிறது.

இதனை ஏன் இத்துணை விரிவாகக் கூறுகிறோம்? முதல் மாதச் சிகிச்சையிலேயே குழந்தையின் முகம் தெளிந்து, இரத்தப் பரிசோதனையும் நன்றாக அமைவதுண்டு. "நோய்தான் நீங்கிவிட்டதே, இனி அலைச்சல் எதற்கு?" என்று நிறுத்திவிடும் குடும்பங்கள் உள்ளன. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மருந்துக்குத் தப்பிய அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் கோடிக்கணக்கில் மறைந்திருக்கக்கூடும். அவற்றையும் ஒழிக்கவே பல மருந்துகளை மாற்றி மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தருகின்றனர்.

முடி உதிர்ந்தால் கலங்க வேண்டா; அது மீண்டும் வளரும். காய்ச்சல் கண்டால் மட்டும் கணமும் தாமதியாது மருத்துவரிடம் செல்லவேண்டும். நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக் கொடுப்பது பெருந்தீங்கு. அளவறியாது உட்கொண்டால் அது நஞ்சே.

நம் தெருவில் இத்தகைய குழந்தை இருப்பின், பரிவான சொற்களோடு நின்றுவிடாமல், அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும் நாள் எது என்று கேட்போம். அன்று அத்தாயுடன் நம்மில் ஒருவர் துணை செல்வோம்.