மலைக்கு ஏற்ற விமானம் எது?

ஆகாயத்தில் பறப்பதெல்லாம் விமானம்தான். ஆனால் எல்லா விமானமும் எல்லா இடத்துக்கும் வந்துவிடாது. போடிநாயக்கனூர் மலைகளில் ஓர் ஆபத்து என்றால் எது வந்து உதவும்?

இறக்கை விமானம் ஓடினால்தான் பறக்கும். வேகமாக ஓடும்போது இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தூக்குகிறது. சிறுவன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் பட்டம் எழும்புகிறதல்லவா? அதைப் போலத்தான். ஆகவே ஓடுவதற்கு இடம் வேண்டும். பெரிய ஜெட் விமானத்துக்கு 2 கிலோ மீட்டர் சமதரையாவது தேவை.

ஏல மலையில் அதற்கு எங்கே போவது? வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில், என்.சி.சி. மாணவர் பயிற்சிக்கு 650 மீட்டர் ஓடுபாதை போட்டார்கள். 2022-ல் இறங்க வந்த சின்னஞ்சிறு விமானத்துக்கே அருகிலிருந்த மேடு தடையாயிற்று. பிறகு மழையில் ஓடுபாதையின் ஓரம் சரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் விமானம் இறங்கியது.

ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை வேண்டாம். அதன் இறக்கை தலைக்கு மேல் சுழல்கிறது. உடல் நிற்க, இறக்கை மட்டும் ஓடுகிறது! உடலும் சேர்ந்து சுற்றிவிடாமல் வாலில் உள்ள சிறு விசிறி தடுக்கிறது. மலைக்கு ஏற்றது இதுதான்.

ஆனால் இதுவும் மந்திரக் கம்பளம் அல்ல. 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். சூலூர் விமானப் படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் இருட்டும், புகையும், செங்குத்துச் சரிவும் எந்த ஹெலிகாப்டருக்கும் பகை. அன்றிரவு காயம்பட்டவர்களை மனிதர்கள்தான் சுமந்து வந்தார்கள்.

ஆகவே, ஹெலிகாப்டர் இருந்தால் மட்டும் போதாது; இறங்க இடமும் வேண்டும். மரமோ மின்கம்பியோ இல்லாத சிறு சமதரை போதும். பள்ளிக்கூட மைதானமே கூட உதவும். குரங்கணி, கொட்டகுடி போன்ற ஒவ்வொரு மலையூரிலும் அந்த இடத்தை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். கோடைக்கு முன் ஆண்டுதோறும் ஓர் ஒத்திகை நடத்த வேண்டும்.

"செலவாகுமே!" என்பார்கள் சிலர். ஊருக்கு ஒரு ஹெலிகாப்டர் வாங்கச் சொல்லவில்லையே! இடத்தைத் தயாராக வைக்கத்தானே சொல்கிறோம்? தீக்கு மட்டுமல்ல, பாம்பு கடித்தவருக்கும், பிரசவ வேதனையில் துடிக்கும் தாய்க்கும் அந்த இடம் ஒரு நாள் உயிர் கொடுக்கும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். மலை மக்களின் உயிரும் உயிர்தானே!