ஒட்டுக் கத்தி வாங்குவோர் கவனத்திற்கு

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள இரும்பையைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்களில் முந்திரி நன்கு வளர்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, இக்கடற்கரைப் பகுதியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரு தோப்பு அழிந்தால் அதை மீண்டும் எழுப்பப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் நடும் செடி நல்ல செடியாக இருப்பது அவசியம்.

முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால், கொட்டையிலிருந்து வளரும் கன்று தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒட்டுச் செடியே உகந்தது. இளந்தண்டு ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்ட சிறு விவசாயி, தம் தோப்பில் நன்கு காய்க்கும் மரத்திலிருந்தே குச்சி எடுத்துச் செடிகளை உண்டாக்கிக்கொள்ளலாம். இதற்கு வேண்டிய முதல் கருவி ஒரு நல்ல மடக்குக் கத்தி. விதைக்கும் உரத்திற்கும் பத்து இடங்களில் விசாரிக்கும் நம் விவசாயிகள், கத்தியை மட்டும் சந்தையில் பளபளப்பைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். இது சரியன்று.

பட்டைக்கும் மரத்திற்கும் இடையே மெல்லிய வளர்திசு உள்ளது. ஒட்டுக்குச்சியின் வளர்திசுவும் வேர்ச்செடியின் வளர்திசுவும் நெருங்கிப் பொருந்தினால்தான் ஒட்டுச் சேரும். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கிவிடும். வெட்டு மேடுபள்ளமாகி இடைவெளி விழும், குச்சி காய்ந்துவிடும். பல நாற்றுகள் இப்படிப் பட்டுப்போகும்போது பழி குச்சியின் மீதோ, கட்டியவர் கைராசியின் மீதோ விழுகிறது. குற்றம் கத்தியில் இருப்பதை யாரும் எண்ணுவதில்லை.

கத்தியின் தரம் இரும்பில் கலந்துள்ள கரியைப் பொறுத்தது. கம்பி, தகடு செய்யும் மென்னிரும்பில் கரி 0.25 சதவீதத்திற்கும் குறைவு. அதைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. லாரி வில்பட்டை எஃகில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் இருப்பதால்தான் கொல்லர்கள் அதை விரும்புகிறார்கள். ஒட்டுக் கத்திக்கு 0.7 முதல் 1 சதவீதம் வரை கரியுள்ள எஃகு ஏற்றது. டம்ளர் செய்யும் எவர்சில்வர் தகட்டில் கூர் நிற்காது. குரோமியத்துடன் போதிய கரியும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு கத்திக்கு ஏற்றதே. ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்யலாம். முதலாவது, காந்தம். காந்தம் ஒட்டாத அலகைத் தள்ளிவிடலாம். ஒட்டினால் மட்டும் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. மென்னிரும்பிலும் காந்தம் ஒட்டும். இரண்டாவது, அரம். அலகின் முதுகில் பிடியை ஒட்டிய இடத்தில் புது அரத்தை மெல்ல இழுத்தால், நன்கு தோய்த்த எஃகில் அரம் வழுக்கும். மென்மையானதில் பிடித்துச் சுரண்டும். மூன்றாவது, உழைப்புச் சோதனை. தீட்டிய கத்தியால் இருபது வேப்பங்குச்சிகளைச் சாய்வாகச் சீவிய பிறகும் செய்தித்தாளைப் பிசிறின்றி வெட்டினால் அது நல்ல கத்தி. கடையில் இதற்கு வழி இராது. ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பார்த்து, பிறகு மற்றவர்கள் வாங்குவதே புத்திசாலித்தனம்.

முதல் கத்திக்குக் கரி எஃகே சிறந்தது. சாதாரணச் சாணைக்கல்லிலேயே எளிதில் கூர் ஏறும். துருப்பிடிப்பது அதன் குறை. வேலை முடிந்ததும் பாலைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். ஓடும் எந்திரச் சாணையில் உலர்வாகத் தீட்டி, அலகு நீலநிறமாகும்படி விட்டால் தோய்ச்சல் போய்விடும். எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டிய, ஆடாத அலகுள்ள கத்தியே நேரான வெட்டுத் தரும். பல அலகுகள் கொண்ட அலங்காரக் கத்தி இதற்குத் தேவையில்லை.

கொடுமணலில் பண்டைக் காலத்திலேயே இரும்பு உருக்கினார்கள். பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் மூசையில் வைத்து எஃகு செய்ததற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. எஃகுக்குப் பேர்போன இந்த மண்ணில், விவசாயி வாங்கும் கத்தியில் என்ன எஃகு என்று எழுதியிருப்பதில்லை. சான்று விதை மூட்டையில் அட்டை இருக்கிறது. உர மூட்டையில் சத்துகளின் அளவு அச்சிட்டிருக்கிறது. கத்திக்கும் அரிவாளுக்கும் அதே முறை ஏன் கூடாது? எஃகின் வகையையும் கடினத்தையும் பொறித்த கருவிகளையே விற்க வேண்டும் என்று கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் குழுக்களும் வற்புறுத்த வேண்டும். அதுவரை காந்தமும் அரமும் கையில் இருக்கட்டும். கத்தியில் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய், தோப்பில் ஓர் ஆண்டையே இழக்கச் செய்துவிடும்.