மானாமதுரை மண்

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால், கையிலிருக்கும் பத்திரிகையைப் பாதி படிப்பதற்குள் மானாமதுரை வந்துவிடும். சேது யாத்திரை போகிறவர்களுக்கு அது ஒரு ஜங்ஷன், வண்டி சற்று அதிக நேரம் நிற்கும் இடம், அவ்வளவுதான். 1902-ஆம் வருஷத்தில் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் பாதை போட்ட நாள் முதல் லட்சோப லட்சம் ஜனங்கள் இந்த ஸ்டேஷனைக் கடந்து போயிருக்கிறார்கள். போட் மெயிலில் தனுஷ்கோடி வரை போய்க் கப்பலேறி இலங்கை சென்றவர்களும் இவ்வழியே போனவர்களே. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, கப்பலும் நின்றது. மானாமதுரை மட்டும் வைகைக் கரையில் இருந்தபடியே இருக்கிறது. கடந்து போனவர்களில் ஊருக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் ஆயிரத்தில் ஒருவர் இருப்பார்களா என்பது சந்தேகம். இந்த வாரம் நேயர்களை அங்கே இறங்கும்படி அழைக்கிறோம்.

‘வானர வீர மதுரை’ என்பதே மருவி மானாமதுரை ஆயிற்று என்று தல புராணம் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். அதைப் பற்றி நாம் வழக்காடப் போவதில்லை. ஆனால் ஊர் தன்னை மற்றொரு மதுரையாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. சித்திரை மாதத்தில் அங்கே மீனாட்சி கல்யாணம் என்றால் இங்கே ஆனந்தவல்லிக்கும் சோமநாதருக்கும் கல்யாணம். அங்கே கள்ளழகர் ஆற்றில் இறங்கினால் இங்கே வீர அழகர் இறங்குகிறார். மதுரையில் இல்லாத ஒரு விசேஷமும் இங்கே உண்டு. நிலாக் காலத்தில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வீட்டிலிருந்து சாதம் கட்டிக்கொண்டு வந்து, வைகை மணலில் உட்கார்ந்து நிலாச்சோறு உண்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாததைக் குறையாகச் சொல்லுகிறவர்கள், அந்த ஓர் இரவுக்கு மட்டும் மணலே போதும் என்று சமாதானம் அடைந்துவிடலாம்!

வைகை விசித்திரமான நதி. மற்ற நதிகள் கடலை நாடி ஓடும். இதன் தண்ணீரோ வழியிலுள்ள கண்மாய்களில் நுழைந்து நுழைந்து, மிச்சமிருப்பது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிறது. கடலைச் சேருவது அபூர்வம். ஆகவே வருஷநாட்டு மலையிலிருந்து அது சுமந்து வரும் வண்டல் கடலுக்குப் போகாமல் கண்மாய்களின் வயிற்றில் தங்கிவிடுகிறது. மானாமதுரையின் செல்வம் அந்த வண்டல்தான்.

குலாலர்கள் வாழும் தெருவுக்குள் நுழைந்தால் பஞ்சாங்கம் பார்க்காமலே மாதத்தைச் சொல்லிவிடலாம். தைக்கு முன்னால் பொங்கல் பானை. கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு. நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை. மாரியம்மன் திருவிழாக் காலத்தில் அக்கினிச் சட்டி. கோடையில் தண்ணீர்ப் பானை. மழைக் காலத்தில் மட்டும் ஒன்றுமில்லை. ஈரம் காயாமல் சூளை மூட்ட முடியாது. அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் மண்பாண்டத் தொழிலாளருக்கு நிவாரணம் கொடுத்து வருகிறது.

மண் என்பது இவர்களுக்கு வெறும் சரக்கு அன்று. சிவகங்கைச் சீமைக் கிராமங்களில் ஐயனாருக்குப் புரவி எடுப்பு நடத்த வேண்டுமானால், ஊரார் முதலில் வேளாரிடம் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொடுக்கிறார்கள். ‘பிடிமண் கொடுத்தல்’ என்று அதற்குப் பெயர். அந்தப் பிடிமண்ணோடு வேலை ஆரம்பமாகிறது. மண் குதிரைகள் உருவாகி, ஊர்வலமாகப் போய், ஐயனார் சந்நிதியில் நிற்கின்றன. பல ஊர்களில் குதிரையைச் செய்த வேளாரே பூசாரியும் ஆவார். ஊர் மண் ஊராரின் கையிலிருந்து குயவர் கைக்குப் போய், தெய்வத்தின் வாகனமாகத் திரும்புகிறது.

இந்த வழக்கம் எவ்வளவு பழையதென்று கேட்டால், வைகையை எதிர்த்து மதுரைப் பக்கமாகச் சற்றுத் தூரம் நடக்க வேண்டும். திருப்புவனத்துக்கு அருகேயுள்ள கீழடியில் 2015 முதல் நடந்த அகழ்வாராய்ச்சியில் பானை ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அங்குக் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்டது. ராஜாக்கள் கட்டிய மாளிகைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஆதன் சோறு வைத்திருந்த பானையின் ஓடு நம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது!

இனி, மானாமதுரையின் பெயரைச் சங்கீத சபைகளில் ஒலிக்கச் செய்த கடத்துக்கு வருவோம்.

கடத்தைப் பானை என்று சொன்னால் வித்வான்கள் கோபித்துக்கொள்ளக் கூடும். ஆனால் அது பானைதான். சோறு ஆக்கும் பானையைவிடப் பல மடங்கு கனமானது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தால் தவறு. கண்மாய்க் களிமண்ணுடன் ஆற்று மணலும் உலோகப் பொடியும் சேர்த்து, மணிக்கணக்காக மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். சக்கரத்தில் வனைவது வேலையின் தொடக்கம் மாத்திரமே. உட்புறம் உருண்டைக் கல்லை அணைத்துப் பிடித்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனமாகக் கொண்டுவர வேண்டும். ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கான தட்டுக்கள். ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடித்தால் நாதம் கெட்டுவிடும். பிறகு நிழலில் உலர்த்துதல், வெயிலில் காய்த்தல், சூளை.

இவ்வளவும் செய்த பிறகும் அது பேசுமா என்பது தெரியாது. வீணைக்கு முறுக்காணி உண்டு. மிருதங்கத்தைக் கல்லும் கட்டையும் கொண்டு தட்டிச் சுருதி சேர்க்கலாம். சுட்ட மண்ணை என்ன செய்ய முடியும்? அது எந்தச் சுருதியில் பிறந்ததோ அந்தச் சுருதியிலேயே சாக வேண்டியதுதான். அதனாலேயே வித்வான்கள் பாடகரின் சுருதிக்கு ஒன்றாகப் பல கடங்கள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சூளையைப் பிரிக்கும்போது நாதம் சரியாயில்லாதவை ஒதுக்கப்படுகின்றன. அவற்றுக்கு வேண்டிய உழைப்பு மட்டும் ஒன்றும் குறைவில்லை. சென்னையில் செய்யும் கடம் லேசானது. மானாமதுரைக் கடம் கனமும் கணீரென்ற ஓசையும் உடையது. வாசிப்பவர் விரலுக்கும் வேலை வைப்பது. 1970-களில் ‘விக்கு’ விநாயகராம் ‘சக்தி’ என்ற குழுவோடு மேல்நாட்டு மேடைகளில் கடம் வாசித்தபோது, ஒரு மண் பானையா இப்படிப் பேசுகிறது என்று வெள்ளைக்காரர்கள் வியந்தார்கள். கைதட்டல் வித்வானுக்குப் போயிற்று, அது நியாயமே. மானாமதுரையில் கடம் செய்து வந்த மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்ததோ 2014-ல்தான். வாத்தியத்தைப் போற்றுகிறவர்கள் வாத்தியம் செய்கிறவர்களை நினைக்க இவ்வளவு காலமாகிறது.

2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பது அதன் பொருள். இது சிறிய விஷயமன்று. பிரான்ஸ் தேசத்தில் பிரிட்டனி என்னும் கடலோர நாட்டில் கெம்பேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1690 முதல் பீங்கான் செய்கிறார்கள். அந்நாட்டுக் குடியானவனும் குடியானவளும் தங்கள் சொந்த உடையில் நிற்பதுபோல் தட்டுக்களில் சித்திரம் எழுதினார்கள். ரயில் வந்த பிறகு யாத்திரிகர்கள் அவற்றை வாங்கிப் போனார்கள். தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஊரின் பெயர் இருக்கும். நம் பானையின் அடியில் எதுவுமில்லை. யார் செய்தது, எந்த ஊர் மண் என்று வாங்குபவருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. மண்ணுக்கு? கண்மாயில் களிமண் எடுக்க அநுமதி வாங்குவதே குலாலர்களுக்கு நெடுங்காலமாகப் பெரிய கஷ்டமாயிருந்தது. ஆற்றைச் சுரண்டி மணல் அள்ளுகிறவர்களுக்காக ஏற்பட்ட கட்டுத் திட்டங்கள், வண்டி மண் எடுக்கும் ஏழையின் தலையிலும் விழுந்தன. 2024-ல் சர்க்கார் இதை எளிதாக்கி, தாசில்தார் அளவிலேயே அநுமதி பெற்றுக் கட்டணமின்றி மண் எடுக்கலாம் என்று உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனால் உத்தரவு கோட்டையில் பிறப்பது ஒன்று. தாலுகாக் கச்சேரியின் மேஜையைத் தாண்டி வருவது வேறொன்று. நல்ல மண் கிடக்கும் கண்மாய்களிலோ சீமைக் கருவேல் வேர் பரப்பி நிற்கிறது. சூளைக்கு விறகாகலாம் என்ற ஒரே ஒரு நன்மையை அதற்காகச் சொல்லலாம்.

காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்திய குமரப்பா, மதுரைக்குத் தென்மேற்கே கல்லுப்பட்டியில் கடைசி நாட்களைக் கழித்து 1960-ல் காலமானார். உலகத்துச் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார்: எடுக்க எடுக்கத் தீர்ந்து போகும் இருப்பு ஒன்று, ஓடி ஓடிப் புதுப்பிக்கப்படும் பெருக்கு மற்றொன்று. கண்மாய் மண் இரண்டாவது வகை. வெள்ளம் வந்தால் வண்டல் வரும்; குயவர் அதை எடுத்தால் கண்மாய் ஆழமாகும்; ஆழமானால் விவசாயிக்குத் தண்ணீர் நிற்கும். குயவரைத் தடுத்துவிட்டுப் பிறகு கண்மாயைத் தூர்வாரப் பணம் ஒதுக்குவது என்ன கணக்கோ, நமக்கு விளங்கவில்லை.

வரும் தைக்கு மானாமதுரைப் பானை வாங்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல சூளை கண்டது, மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறட்டும். பிறகு இரண்டு மூன்று நாள் வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் காய்ச்சி எடுங்கள். கஞ்சி பானையின் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடும். அதன் பிறகு குழம்பு வைக்கலாம்.